தயாரிப்பாளர் என்பவர் யார்?

வானொலி நாடகம் ஒன்று முடிந்ததும் 'தயாரிப்பு' என்று ஒரு பெயர் சொல்லப்படும். பிரதியைச் செப்பனிட்டு, நடிகர்களைத் தெரிவுசெய்து, ஒத்திகை நடத்தி, ஒலிப்பதிவை நிறைவேற்றியவர் அவர். சினிமாவிலோ தயாரிப்பாளர் என்றதும் முதல் போட்டவரே நினைவுக்கு வருகிறார். அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத் தொடர்களில் இச்சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. அங்கு தயாரிப்பாளருக்கு வழங்கப்படும் விருதுகளின் வரலாறு அதனை நமக்கு விளக்குகிறது.

1950ல் அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1957ல் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள் தனிச்சங்கம் கண்டனர். 1962ல் இரண்டும் இணைந்தன. இணைந்த சங்கத்தின் விருது விழா 1990ல் ஆரம்பமானது. சிறந்த நாடகத் தொடருக்கான அதன் விருது நோர்மன் பெல்டனின் பெயரைத் தாங்கியது. லண்டனில் 1913ல் பிறந்து, இளமையில் அமெரிக்கா சென்று, 'டொக்டர் கில்டேர்' போன்ற தொடர்களை உருவாக்கித் தந்து, 2012ல் மறைந்தவர் அவர்.

சிறந்த நாடகத் தொடருக்கான எமி விருதும் தயாரிப்பாளர்களின் கைக்கே செல்கிறது. 1981 முதல் 1984 வரை நான்கு ஆண்டுகள் அதனைத் தொடர்ந்து வென்றது 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்'. அதன் தயாரிப்பாளர் ஸ்டீவன் பொச்கோ ஓர் எழுத்தாளர். 'சொப்ரானோஸ்' தொடரின் டேவிட் சேஸும், 'மேட் மென்' தொடரின் மத்தியூ வீனரும் அவ்வாறே.

காரணம் எளிது. திரைப்படத்துக்கு நெறியாளரே தலைவர். தொடர் நாடகத்திலோ நெறியாளர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுவர். ஆண்டுக்கணக்கில் கதையையும் பாத்திரங்களையும் கட்டிக் காப்பவர் தலைமை எழுத்தாளரே. எழுதியது சிதையாமல் திரைக்குச் செல்ல நடிகர் தெரிவிலும் படத்தொகுப்பிலும் அவருக்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தின் பெயர்தான் நிறைவேற்றுத் தயாரிப்பாளர்.

பெருமை கூடினால் பங்காளிகளும் கூடுவார்கள் அல்லவா? நட்சத்திரங்களும் அவர்களுடைய முகாமையாளர்களும் ஒப்பந்தத்திலேயே இப்பட்டத்தைக் கேட்டுப் பெறலாயினர். பெயர்ப் பட்டியல் நீண்டது. ஆகவே, விருதுக்குரியவர் யார் என்று தீர்மானிக்குமுன் ஒவ்வொருவரும் உண்மையில் என்ன வேலை செய்தார் என்று சங்கம் விசாரிக்கிறது. திரையில் பெயர் வந்தால் மட்டும் போதாது.

பட்டத்தைப் பேரம் பேசி வாங்கலாம். படைப்பை அப்படி வாங்க முடியாது. அந்த விசாரணை இருக்கும்வரைதான் அவ்விருதுக்கு மதிப்பு.