நாற்பத்தேழு கோடித் தேடல்

தொண்ணூறுகளின் நடுவில் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் டிடிபி கடை வைத்திருந்தேன். 640-க்கு 480 அளவில் ஸ்கேன் செய்த ஒரு கலர் போட்டோ 9 லட்சம் பைட்டைத் தாண்டும். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் இரண்டாவது படத்துக்கு இடமிருக்காது. கல்யாணப் பத்திரிகை என்றால் மாப்பிள்ளைக்கு ஒரு ஃப்ளாப்பி, பொண்ணுக்கு ஒரு ஃப்ளாப்பி.

படத்துக்குப் பதில் அதை உருவாக்கும் விதியை மட்டும் சேமிக்கும் ஃப்ராக்டல் சுருக்கம் பற்றி அப்போதுதான் படித்தேன். அமெரிக்காவில் மைக்கேல் பார்ன்ஸ்லியும் ஆலன் ஸ்லோனும் 1988-ல் ‘பைட்’ பத்திரிகையில், படத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கலாம் என்று எழுதினார்கள். அதெல்லாம் பொறுக்கியெடுத்த படங்கள்; ஒன்றைச் சுருக்கவே 100 மணி நேரம். ஆராய்ச்சி மாணவனை கம்ப்யூட்டரோடு அறையில் பூட்டிவைப்பதுதான் அதன் அல்காரிதம் என்று கிண்டல் செய்வார்கள். மனிதக் கை படாமல் செய்யும் வழியைப் பார்ன்ஸ்லியின் மாணவர் ஜாக்கன் கொண்டுவந்தார். 1993-ல் மைக்ரோசாஃப்ட் என்கார்ட்டா குறுந்தகட்டின் படங்கள் ஃப்ராக்டல் முறையில்தான் அடைக்கப்பட்டன.

படத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் வைத்துக்கொள்வது நம் ஊருக்குப் புதிதில்லை. 1974-லேயே தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களுக்கு இலக்கணம் எழுதிவிட்டார்கள். அதே வருடம் ராணியும் கமலாவும் இன்னொரு வகை இலக்கணத்தைச் சொன்னார்கள்: ஒரு குறி எங்கெங்கே வருகிறதோ, அத்தனை இடத்திலும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். கணினியியலில் அதற்கு ‘இந்தியப் பேரலல்’ என்றே பெயர். ஆனால் கோலத்தின் விதி போடுகிறவள் கையில் இருக்கிறது. கல்யாண போட்டோவின் விதியை யார் சொல்வது? தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஜாக்கன் வழியில், படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஜாடை ஒத்த பெரிய சதுரத்தை அதே படத்துக்குள் தேடுவார்கள்; அந்தப் பொருத்தம்தான் விதி. 256-க்கு 256 படத்தில் சின்னச் சதுரம் 1,024. ஒவ்வொன்றோடும் ஒத்துப்பார்க்கப் பெரிய சதுரம் 58,081. திருப்பியும் புரட்டியும் பார்த்தால் எட்டு மடங்கு. மொத்தம் 47 கோடிக்கு மேல். 486 மெஷின் என்ன செய்யும், பாவம்.

ஒரு சதுரத்தின் தேடலுக்கும் அடுத்ததன் தேடலுக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் நல்ல செய்தி. 1991-ல் புனே சி-டாக் உருவாக்கிய பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர் மாதிரி, 64 பிராசசர் உள்ள மெஷினுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் சம பங்கு சரிப்படாது. வானம் விழுந்த சதுரம் சட்டென்று ஜோடி சேரும். பட்டுப்புடவைக் கரை விழுந்த சதுரத்தை மேலும் நாலாக வெட்டித் தேட வேண்டியிருக்கும். மாதவரம் ரவுண்டானா லாரி ஷெட்டில் லோடு இறக்கும்போது மேஸ்திரி தலைக்கு இத்தனை என்று பிரிப்பதில்லை. டைல்ஸ் பெட்டி மாட்டியவன் திணறுவான், சிப்ஸ் பெட்டிக்காரன் பீடி பற்றவைப்பான். கைக்காரியம் முடிந்தவன் அடுத்ததைத் தூக்க வேண்டும். பேரலல் புரோகிராமிலும் அதே ஏற்பாடுதான்: சும்மா நிற்கும் பிராசசருக்கு அடுத்த சதுரம்.

அந்த மாதிரி மெஷின் எந்த டிடிபி கடையில் இருந்தது? 1992-லேயே தரமாகிவிட்ட ஜேபெக் சுருக்க முறை, சாதாரண மெஷினில் ஓடி ஜெயித்தது. 2007-ல் என்விடியாவின் கூடா மென்பொருள் வந்து, கேம் விளையாடும் கார்டே நூற்றுக்கணக்கான தேடலை ஒன்றாக நடத்தத் தயாரானபோது, ஹார்ட் டிஸ்க் மலிந்திருந்தது. சுருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பெரிதாக்கத்தான் கேட்டார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஃப்ளெக்ஸ் பேனராக்க எங்கள் தொழிலில் ‘ஜெனுயின் ஃப்ராக்டல்ஸ்’ என்ற மென்பொருள் ஓடியது. தலைவர் முகம் எத்தனை அடி போனாலும் கட்டம் கட்டமாக உடையாது.