மாணவர் ஊடகமும் இணையவழிக் கூட்டுப்பணிக் கருவிகளும்

கல்லூரி மாணவர்கள் பலர் சேர்ந்து ஓர் இதழையோ வானொலி நிகழ்ச்சியையோ ஆவணப்படத்தையோ உருவாக்கும்போது, வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டே ஒரே படைப்பில் வேலை செய்ய உதவும் மென்பொருள்கள் இணையவழிக் கூட்டுப்பணிக் கருவிகள் எனப்படும். பகிர்வு ஆவணம், விக்கி, கோப்புச் சேமிப்பகம், பக்க வடிவமைப்புத் தளம், காணொளியைப் பார்த்துக் கருத்துக் குறிக்கும் தளம் ஆகியவை இவற்றுள் அடங்கும். வேலை விரைவாக முடிகிறது, செலவு குறைகிறது, எல்லாரும் ஓரிடத்தில் கூடவேண்டியதில்லை என்று இவற்றின் பயன்களை அடுக்குவது வழக்கம். அவை மெய்யே. ஆனாலும் கல்விக்கூடத்தில் இவற்றுக்கு அவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. கூட்டுப் படைப்பில் எந்த வரியை யார் எழுதினார், யார் திருத்தினார், எப்போது திருத்தினார் என்பதை இவற்றுள் சில அழியாமல் காக்கின்றன. படைப்பைக் காட்டிலும் படைக்கக் கற்பதே மாணவர் ஊடகத்தின் நோக்கம்; கற்றலின் தடயம் இந்தத் திருத்த வரலாற்றில்தான் இருக்கிறது. இக்கருவிகள் தோன்றிய விதமே இதற்குச் சான்று.

அச்சுக்காலப் பின்னணி

மாணவர் இதழ்கள் கணினியைவிட மிக மூத்தவை. அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்களின் கிரிம்சன் 1873 இலும், யேல் டெய்லி நியூஸ் 1878 இலும், எம்.ஐ.டி. மாணவர்களின் தி டெக் 1881 இலும் தொடங்கின. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆண்டு மலரும் சுவரிதழும் கையெழுத்துப் பத்திரிகையும் நெடுநாள் வழக்கில் இருந்தன. மலருக்கு மாணவர் கொடுத்த கைப்பிரதியில் எழுதியவரின் கையும் திருத்திய பேராசிரியரின் சிவப்பு மையும் தனித்தனியே தெரிந்தன. அடித்த சொல்லும் அதன்மேல் எழுதிய சொல்லும் ஒரே தாளில் இருந்ததால், ஏன் மாற்றினார்கள் என்று எழுதியவரால் ஊகிக்க முடிந்தது. அச்சேறியதும் இந்த இரண்டு கைகளும் மறைந்தன; கைப்பிரதி அச்சகத்தோடு போயிற்று. தட்டச்சும் கணினி அச்சுக்கோப்பும் வந்தபின் மறைவு முழுமையாயிற்று. பத்துப் பேர் உழைத்த பக்கமும் ஒருவர் உழைத்த பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. கூட்டுப்பணிக் கருவிகளின் வரலாறு, இப்படி மறைந்த கைகளை மீண்டும் கண்ணுக்குக் கொண்டுவந்த வரலாறு.

தோற்றமும் வளர்ச்சியும்

1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய செயல்விளக்கம் இத்துறையின் தொடக்கப் புள்ளி. மேடையில் இருந்த அவரும் மென்லோ பார்க் ஆய்வகத்தில் இருந்த அவருடைய உடன்பணியாளரும் ஒரே ஆவணத்தைத் திரையில் பகிர்ந்துகொண்டே பேசினர். எனினும் மாணவர்களின் அன்றாடப் பயன்பாட்டுக்கு இக்கருத்து வந்து சேர்ந்தது இல்லினாய் பல்கலைக்கழகத்தில். டொனால்ட் பிட்சர் 1960 இல் அங்கே தொடங்கிய பிளேட்டோ என்னும் கணினிவழிக் கல்வி அமைப்பு, 1970களின் முற்பகுதியில் நூற்றுக்கணக்கான முனையங்களாக விரிந்தது. பயனர்கள் குறைகளையும் யோசனைகளையும் எல்லாரும் திருத்தக்கூடிய ஒரு பொதுக்கோப்பில் எழுதி வந்தனர். அதில் யார் எழுதியது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடவும் முடிந்தது. அப்போது பதினேழு வயதே ஆன டேவிட் வுல்லி 1973 இல் இதற்குத் தீர்வாக நோட்ஸ் என்னும் நிரலை எழுதினார். ஒவ்வொரு குறிப்போடும் எழுதியவரின் அடையாளமும் நாளும் தானாகவே பதிந்தன. பிறர் அதில் கைவைக்க முடியாது. மாணவர் கையில் பிறந்த முதற்பெரும் கூட்டுக்கருவி, எழுதியவரைக் குறிப்பதையே முதல் வேலையாகக் கொண்டது என்பது கருதத்தக்கது. அதே அமைப்பில் 1974 இல் புரூஸ் பாரெல்லோ நடத்திய நியூஸ் ரிப்போர்ட், கணினித் திரையிலேயே வெளியாகித் திரையிலேயே படிக்கப்பட்ட இதழ்களுள் முன்னோடியானது.

அடுத்த படியும் கல்லூரியிலேயே நிகழ்ந்தது. ஆம்ஸ்டர்டாம் விரிஜே பல்கலைக்கழக விரிவுரையாளர் டிக் கிரூன், 1980களின் நடுவில் தம் மாணவர் இருவரோடு ஒரு நிரல்மாற்றியை உருவாக்கி வந்தார். ஒரு மாணவருக்குப் பகல் வேலை. இன்னொருவருக்கு ஒழுங்கான நேரம் இல்லை. கிரூனுக்கு மாலைதான் வாய்த்தது. மூவரும் சந்திக்காமலே ஒருவர் வேலையை ஒருவர் குலைக்காதிருக்க அவர் எழுதிய சிறு நிரல்களின் தொகுப்பே சி.வி.எஸ். என்னும் பதிப்புக் காப்பு முறைமை. பின்னர் உலகெங்கும் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் அதன்மேல் நடந்தன. நேரம் ஒத்துவராத மூவரின் இடர்ப்பாடு உலகுக்கே ஒரு கருவியைத் தந்தது.

ஒரே நேரத்தில் பலர் எழுதுவதற்கான கணக்கியலை 1989 இல் எல்லிஸ், கிப்ஸ் இருவரும் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் குரோவ் என்னும் சோதனைத் தொகுப்பியின் வழியே வகுத்தனர். ஒருவர் வரியின் ஐந்தாம் இடத்தில் மூன்று எழுத்துகளைச் சேர்க்கும் அதே நொடியில் மற்றவர் பத்தாம் இடத்து எழுத்தை நீக்கினால், அந்த நீக்கம் பதின்மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்படவேண்டும். இல்லாவிட்டால் தவறான எழுத்து அழிந்துபோகும். இவ்வாறு ஒருவர் செயலை மற்றவர் செயலுக்கேற்ப மாற்றிப் பொருத்தும் முறையே பின்னர் வந்த பகிர்வு ஆவணங்களுக்கு அடித்தளமாயிற்று. வார்டு கன்னிங்ஹாம் 1995 இல் வெளியிட்ட விக்கி வேறு வழியில் சென்றது. பலர் அடுத்தடுத்து வந்து ஒரே பக்கத்தைத் திருத்தினர். ஜார்ஜியா டெக் கல்விநிறுவனத்தில் மார்க் கஸ்டியாலும் மாணவர்களும் உருவாக்கிய ஸ்விக்கி, 1990களின் பிற்பகுதியிலேயே விக்கியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 2005 இல் வந்த ரைட்லி என்னும் பகிர்வு ஆவணத் தளத்தை 2006 மார்ச்சில் கூகுள் வாங்க, அது கூகுள் டாக்ஸ் ஆயிற்று. 2008 இல் வந்த ஈதர்பேட் ஒவ்வோர் எழுத்தாளரின் எழுத்துக்கும் ஒரு பின்னணி நிறம் கொடுத்தது. காலக்கோட்டை இழுத்தால் ஆவணம் முதல் எழுத்திலிருந்து வளர்ந்ததைத் திரும்பப் பார்க்கலாம். கைப்பிரதியின் கருப்பு மையும் சிவப்பு மையும் திரையில் திரும்பி வந்தன.

பக்க வடிவமைப்பிலும் மாணவர் மலரே தூண்டுகோல். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் படித்த மெலனி பெர்கின்ஸ், வடிவமைப்பு மென்பொருள்களைக் கற்க உடன்மாணவர்கள் படும் பாட்டைக் கண்டார். 2007 இல் கிளிஃப் ஓப்ரெக்டுடன் சேர்ந்து, பள்ளி ஆண்டு மலர்களை ஆசிரியரும் மாணவரும் இணையத்திலேயே வடிவமைப்பதற்காக ஃபியூஷன் புக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் விரிவே 2013 இல் வெளிவந்த கேன்வா.

வகைப்பாடு

இக்கருவிகளை ஒரே நேரத்தில் இயங்குபவை, அடுத்தடுத்து இயங்குபவை என இரண்டாகப் பிரிப்பது பாடநூல் மரபு. மாணவர் பணிக்கு இப்பிரிப்பு போதாது. நினைவாற்றலை வைத்து மூன்றாகப் பிரிப்பதே பொருந்தும். முதல் வகை மறக்கும் கருவிகள். வாட்ஸ்அப் குழுவில் கட்டுரையைக் கோப்பாக அனுப்பித் திருத்தித் திரும்ப அனுப்புவது இவ்வகை. கோப்புப் பெயரின் ஈற்றில் 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று சேர்ந்துகொண்டே போக, எது எதிலிருந்து வந்தது என்பது தொலைந்துவிடும். இரண்டாம் வகை பழைய பதிப்புகளைக் காப்பவை. கோப்புச் சேமிப்பகங்கள் முந்தைய நிலையை மீட்டுத் தரும். ஆனால் ஒரு பத்திக்குள் எது யாருடையது என்று சொல்லா. மூன்றாம் வகை கையைக் காட்டுபவை. விக்கியின் 'வரலாறு' பக்கமும் பகிர்வு ஆவணத்தின் திருத்த வரலாறும் சொல்லளவில் ஆளைக் குறிக்கின்றன. காணொளி இன்னும் பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே நிற்கிறது. படத்தொகுப்பில் ஒருவர் ஒரு பகுதியைத் திறந்து வேலை செய்யும்போது மற்றவர்க்கு அதைப் பார்க்க மட்டுமே இடமளிப்பது தொழில்முறை வழக்கம். ஆனால் குறிப்பிட்ட நொடியில் நிறுத்தி அங்கேயே கருத்து எழுதும் தளங்கள் வந்தபின், எந்த வெட்டு யார் சொல்லி மாறியது என்பது அங்கும் பதிவாகிறது.

கற்றலில் இதன் இடம்

குழுப்பணியில் ஓரிருவர் உழைக்க மற்றவர் பெயர் சேர்த்துக்கொள்வது மாணவர் திட்டங்களின் பழைய நோய். இதன் காரணத்தை உளவியல் முன்பே ஆராய்ந்திருக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் 1913 இல் வெளியிட்ட கயிறிழுப்புச் சோதனைகளில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கு விழுந்த விசை தனியாக இழுத்ததில் ஏறத்தாழப் பாதிதான். லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் மூவரும் 1979 இல் ஆட்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்து, ஒருங்கிணைப்புக் குறைவு மட்டுமன்றி முயற்சியே குறைவதைக் காட்டினர். 1981 இல் அவர்களே நடத்திய அடுத்த சோதனை இன்னும் முக்கியமானது. தன் பங்கு தனியே அளக்கப்படுகிறது என்று அறிந்தவர், குழுவுக்குள் இருந்தபோதும் சோர்ந்துவிடவில்லை. கூட்டத்தில் தன் கை தெரியாமற்போவதே சோர்வுக்கு வித்து என்பது இதனால் விளங்கும். மூன்றாம் வகைக் கருவி கல்லூரிக்கு ஏன் உரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. பதிவு என்பது கண்காணிப்பு. யாரோ பார்க்கிறார் என்ற அச்சத்தில் மாணவர் அரைகுறை எண்ணத்தை எழுதிப் பார்க்கத் துணியார் என்பது ஒன்று. கவலை நியாயமானது. ஆனால் தனிக் குறிப்பேடு எவருக்கும் தடைசெய்யப்படவில்லை; பொதுக்கோப்பில் வைத்தது பொதுவானது என்ற எல்லையை முதலிலேயே வகுத்துவிட்டால் அச்சம் தணியும். திருத்தங்களின் எண்ணிக்கை உழைப்பின் அளவாகாது என்பது இரண்டாவது. களத்தில் மூன்று நாள் அலைந்து பேட்டி எடுத்தவர் ஆவணத்தில் நான்கு வரிதான் எழுதியிருப்பார். அறையில் இருந்தபடி காற்புள்ளி மாற்றியவர் பெயர் நாற்பது முறை வரும். ஆகவே வரலாற்றை எண்ணக்கூடாது, படிக்கவேண்டும். கைப்பேசியும் மெதுவான இணையமும் மட்டுமே உள்ளவர் பின்தங்குவார் என்பது மூன்றாவது. நேரலையில் கூடி எழுதச் சொன்னால் பின்தங்குவார்தான். நள்ளிரவில் வந்து, தான் இல்லாதபோது நடந்ததைப் படித்துத் தொடர வழியிருந்தால் அவரும் சம பங்காளி. ஆம்ஸ்டர்டாமில் நேரம் ஒத்துவராத மூவருக்காகப் பிறந்த முறை இதுவே. நிறுவனம் சேவையை மூடினால் நினைவும் போகுமே என்பது நான்காவது. ஈதர்பேட் நிறுவனத்தைக் கூகுள் 2009 டிசம்பரில் வாங்கியபோது அந்நிலை நேர இருந்தது. அம்மாதமே மூலநிரல் திறந்துவிடப்பட்டதால் கருவி பிழைத்தது. கல்லூரிகள் அதைத் தம் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

இந்தியாவும் தமிழும்

2011 இல் விக்கிமீடியா அறக்கட்டளை புனே கல்லூரிகளில் நடத்திய இந்தியக் கல்வித் திட்டம் இங்கே ஒரு பாடம். மாணவர்கள் பாடப்பொருள்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினர், பலர் நூல்களிலிருந்தும் தளங்களிலிருந்தும் அப்படியே படியெடுத்துவிட்டனர், திட்டம் நிறுத்தப்பட்டது. நினைவுள்ள கருவி நேர்மையைத் தானாக ஊட்டாது என்பது இதனால் தெரிகிறது. ஆனால் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தன்னார்வலர்கள் தேடிக் கண்டதும் அதே வரலாற்றுப் பக்கத்தைக் கொண்டுதான். எழுதும்போதே ஒருவர் உடனிருந்து அதைப் படித்திருந்தால், அந்தப் பிழைகள் வெறும் திருத்தங்களாக முடிந்திருக்கும். தமிழில், 2010 கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ் விக்கிப்பீடியாவோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது.

தமிழ் இதழ்களுக்கென ஒரு தனித் தடை இருந்தது. பகிர்வு ஆவணத்தில் எழுதுவது ஒருங்குறியில் (யூனிகோடு). மலர் வடிவமைக்கப்பட்ட பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளோ பழைய எழுத்துரு முறைகளில். கட்டுரையை எழுத்துரு மாற்றியால் மாற்றி ஒரே கணினியில் ஏற்றியதும், அதன்பின் நடந்த மெய்ப்புத் திருத்தங்கள் அந்தக் கணினியோடு நின்றன. திருத்த வரலாறு அங்கே அறுந்தது. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. வடிவமைப்பு மென்பொருள்களும் மெல்ல அதைத் தாங்கத் தொடங்கின.

இன்றைய நிலை

இன்று காட்சித் தொடர்பியல், இதழியல் துறைகளில் பகிர்வு ஆவணமும் கேன்வாவும் பொதுவழக்கு. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பத்தி ஒரே நொடியில் ஒட்டப்படுவதும் இவற்றில்தான். அந்தப் பத்தி ஒரே பெயரில், ஒரே நிமிடத்தில், அடித்தல் திருத்தல் ஏதுமின்றி வரலாற்றில் நிற்கும். அதைத் திறந்து படிக்கும் மாணவ ஆசிரியர் ஒருவர் குழுவில் இருந்தால், கருவி தன் வேலையைச் செய்துவிட்டது.