வெப்ப உணரி
தீயால் ஏறும் வெப்பத்தை உணர்ந்து அபாயமணியை ஒலிக்கச் செய்யும் கருவி. கல்லூரி விடுதிகள் மிகுந்த காட்டாங்குளத்தூரில் இதற்கு உரிய இடம் மெஸ் சமையலறை. தாளிப்புப் புகைக்கே அலறும் புகை உணரி அங்கே சரிப்படாது. மாணவர் உறங்கும் அறைக்கோ புகை உணரியே வேண்டும்: வெப்பம் கூடுமுன் புகை உயிரைக் குடித்துவிடும்.

வெப்ப உணரியில் ஒரு வகை, குறித்த வெப்பநிலையில், பெரும்பாலும் 57 டிகிரி செல்சியஸை ஒட்டி, இயங்கும். மற்றது வெப்பம் ஏறும் வேகத்தைக் கணக்கிடும். இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் குப்பென எழும் ஆவி இரண்டாவதை ஏமாற்றிவிடும். அடுப்பருகே முதல் வகையே சரி. கோடையில் தகரக் கூரையடியில் இன்னும் உயர்ந்த வரம்புள்ளது தேவை.

தேர்வு, பொருத்துதல், பராமரிப்பு மூன்றுக்கும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 2189. எண்ணெய்ப் பிசுக்கை அவ்வப்போது துடைக்க வேண்டும். சுவருக்கு வர்ணம் பூசும்போது உணரிமேல் படவே கூடாது. சோதிக்க வெப்பக்காற்றுக் கருவியே ஏற்றது, தீக்குச்சி ஆகாது.