வட்டுக்கோட்டை மருத்துவ வகுப்பும் கடல் கடந்த கொடையும்

இலங்கையில் மேலைநாட்டு மருத்துவம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படத் தொடங்கிய வரலாறு வட்டுக்கோட்டையோடும் மானிப்பாயோடும் பிணைந்தது. கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870-இல் திறக்கப்பட்டது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1848-இல், அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் மூன்று மாணவர்களைச் சேர்த்து யாழ்ப்பாணத்தில் மருத்துவ வகுப்பு நடத்தத் தொடங்கினார். அவ்வகுப்பை நடத்தத் தேவைப்பட்ட பணம் பெரும்பாலும் அமெரிக்காவிலுள்ள தேவாலயங்களிலும் குடும்பங்களிலும் திரட்டப்பட்டது. பணம் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை. கடிதங்களிலும் சஞ்சிகைகளிலும் அறிக்கைகளிலும் வாசித்த செய்திகளை நம்பியே அவர்கள் கொடுத்தார்கள். செய்தி ஒழுங்காகப் போன காலத்தில் கொடையும் வந்தது. கொடுப்போரின் நாட்டில் நெருக்கடி வந்தபோதும், அவர்களுடைய கொள்கை மாறியபோதும், அதன் பாரம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தலையில் விழுந்தது.

அமெரிக்க மிஷனின் முதற்குழுவினர் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்கள் ஆயின. போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயக் கட்டடங்களைத் திருத்தி அவற்றில் குடியேறினார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விப் பாடசாலை தொடங்கியது. அதன் முதல் அதிபர் டானியேல் பூவர். அதே ஆண்டில், தமிழ் இளைஞருக்காக ஒரு கல்லூரி அமைக்கும் திட்டம் அச்சிடப்பட்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இருந்த அன்பர்களுக்கு அனுப்பப்பட்டது. தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம், கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் எல்லாம் கற்பிக்கும் உயர்கல்வி நிலையம் ஒன்று அவர்களுடைய எண்ணத்தில் இருந்தது. தேசாதிபதி எட்வேட் பான்ஸின் அரசு அதற்குச் சாசனம் வழங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து புதிய மிஷனரிமார் வருவதற்கும் தடை இருந்தது. ஆயினும் செமினரி வளர்ந்தது. நீதியரசர் சேர் ரிச்சட் ஒட்லியின் பெயரால் ஒட்லி மண்டபம் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து நூல்களும் பௌதிகவியல், வானியல் கருவிகளும் கப்பலில் வந்து சேர்ந்தன. பின்னாளில் செமினரியைப் பார்வையிட்ட குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது என்று அதைப் பாராட்டி எழுதினார். சாசனம் கிடைக்காவிட்டாலும், பாடத்தின் ஆழத்தால் அது ஒரு பல்கலைக்கழகத்தின் பணியையே செய்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே.

இந்தக் கொடை எவ்வாறு திரட்டப்பட்டது என்பது கவனிக்கத் தக்கது. பொஸ்ரனிலிருந்த மிஷன் தலைமையகம் ‘மிஷனரி ஹெரால்ட்’ என்ற மாதச் சஞ்சிகையை வெளியிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற கடிதங்களும் நாட்குறிப்புகளும் அதில் அச்சாகின. ஒரு கிராமத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், எந்த ஊரில் பேதி பரவியது, எந்தக் கட்டடத்துக்கு ஓடு போடப்படவில்லை என்பதெல்லாம் பல மாதம் கடந்து அமெரிக்கக் கிராமங்களில் வாசிக்கப்பட்டன. ஒரு பிள்ளையின் படிப்புக்கும் சாப்பாட்டுக்குமான ஆண்டுச் செலவை ஒரு குடும்பமோ ஒரு ஞாயிறு பாடசாலையோ பொறுப்பேற்கலாம். பொறுப்பேற்ற உபகாரியின் பெயரை, அல்லது அவர் மதித்த ஒருவரின் பெயரை, அந்தப் பிள்ளைக்கு இட்டார்கள். கறல் விசுவநாதபிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோரின் பெயர்களில் நிற்கும் அந்நிய முன்பகுதிகள் இந்த ஏற்பாட்டின் தடயங்கள். உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையிலும் இதே வழக்கம் இருந்தது. தன் பெயரைத் தாங்கிய ஒரு பிள்ளை கடலுக்கு அப்பால் படிக்கிறது என்ற எண்ணம் கொடையாளரை ஆண்டுதோறும் கொடுக்கத் தூண்டியது. அந்தப் பிள்ளையோ பெற்றோர் இட்ட பெயரோடு இன்னொரு பெயரையும் வாழ்நாள் முழுதும் சுமந்தது. கொடையின் விலையை இந்த இரண்டாவது பக்கத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

செய்தியால் கொடை திரட்டும் கலையில் வல்லவர் பண்டத்தரிப்பில் வைத்தியசாலை நடத்திய ஜோன் ஸ்கடர். அமெரிக்கச் சபைகள் அனுப்பிய மருத்துவ மிஷனரிமாருள் முதல்வராகக் கருதப்படுபவர் அவர். 1836-இல் அவர் சென்னைக்கு மாறினார். அமெரிக்கப் பிள்ளைகளுக்கென்றே அவர் கடிதங்கள் எழுதி நூல்களாக வெளியிட்டார். 1840-களில் தாய்நாடு திரும்பியபோது ஊர் ஊராகச் சென்று சிறுவர் கூட்டங்களில் பேசினார். மருத்துவப் பணிக்கு அவர் சேர்த்த ஆதரவு பெரிது. அதே வேளை, கொடையாளரின் மனம் இளகவேண்டும் என்பதற்காக இந்நாட்டு மக்களின் வாழ்வையும் வழிபாட்டையும் இருள் மூடியவையாகவே அவருடைய எழுத்துகள் காட்டின. உதவி பெறுபவரைத் தாழ்த்திக் காட்டி உதவி கேட்கும் பழக்கம் அன்று பரவலாக இருந்தது. இன்றும் அது முற்றாக மறையவில்லை.

வட்டுக்கோட்டையில் 1833 முதல் வைத்தியர் நேதன் உவாட் பணியாற்றினார். செமினரி மாணவருக்கு விஞ்ஞானம் கற்பித்ததோடு நோயாளரையும் பார்த்தார். 1846-இல் அவர் அமெரிக்கா திரும்பியதும் வைத்தியர் இல்லாத குறையை மிஷன் உடனே உணர்ந்தது. அந்த இடத்துக்கு வந்தவரே கிறீன். மசச்சூசெற்ஸ் மாநிலத்து உவூஸ்ரரில் 1822-இல் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி வைத்தியம் பார்த்தார். பின்னர் மானிப்பாய்க்கு இடம் மாறி அங்கேயே வைத்தியசாலையையும் வகுப்பையும் நிலைநிறுத்தினார்.

கிறீனின் மாணவர்கள் செமினரிக் கல்வியால் பண்பட்டவர்கள். கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் ஆங்கிலமும் முன்னரே படித்திருந்ததால் உடற்கூறும் மருந்தியலும் அவர்களுக்கு விரைவில் வசமாயின. எவாட்ஸ், டான்போர்த், சப்மன் என அவர்களிடையே வழங்கிய பெயர்களும் கொடை முறையை நினைவூட்டுகின்றன. ஆக, மருத்துவ வகுப்புக்குத் தனியாகக் கிடைத்த உதவியைக் காட்டிலும், செமினரிக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக வந்த கொடையே அதன் உண்மையான அடித்தளம். தொழிற்கல்விக்கு மட்டும் பணம் கொடுத்து அடிப்படைக் கல்வியைக் கைவிடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குள் செய்தி பரப்பும் வாயிலும் அப்போது திறந்திருந்தது. மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் 1834 அளவில் இயங்கத் தொடங்கியது. 1841 ஜனவரி 7-ஆம் நாள் ‘உதயதாரகை’ வெளிவந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்த அந்தப் பத்திரிகைக்கு முதல் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினரியில் உருவான தமிழர்கள். கல்வி, விஞ்ஞானம், பயிர்ச்செய்கை, ஊர்ச்செய்திகள் அதில் இடம்பெற்றன. ‘மிஷனரி ஹெரால்ட்’ வெளிநாட்டாருக்கு யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொன்னது. ‘உதயதாரகை’ யாழ்ப்பாணத்தாருக்கு உலகத்தைப் பற்றியும் அவர்களைப் பற்றியும் சொன்னது. மருத்துவ நிலையம் எதற்கும் இரண்டும் வேண்டும். பணம் கொடுப்பவருக்கு மட்டும் செய்தி அனுப்பி, நோயாளியாக வருபவருக்கு எதுவும் சொல்லாத நிலையம் ஊரின் நம்பிக்கையைப் பெறாது.

தூரத்துக் கொடையை மட்டும் நம்பியதன் ஆபத்து இருமுறை வெளிப்பட்டது. முதலாவது, 1837-இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பெரும் பண நெருக்கடி. வங்கிகள் முடங்கின. மிஷன் தலைமையகம் தொலைநாட்டு நிலையங்களுக்கு அனுப்பும் பணத்தைக் கடுமையாகக் குறைத்தது. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப் பாடசாலைகள் ஒரே முறையில் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயோர்க் வங்கியில் நேர்ந்த முறிவு சங்கானையிலும் உடுவிலிலும் திண்ணைப் பள்ளிகளை மூடவைத்தது. அந்த ஆண்டு பதவியேற்ற தேசாதிபதி ஸ்ருவட் மக்கன்சி கல்வியில் அக்கறை உள்ளவர். அவர் காலத்தில் மிஷன் பாடசாலைகளுக்கு அரச உதவி கிடைக்கத் தொடங்கியது. நிலைமை படிப்படியாகச் சீர்பட்டது.

இரண்டாவது அதிர்ச்சி 1855-இல் வந்தது. இம்முறை பணம் குறையவில்லை. பணம் கொடுத்தவர்களின் கொள்கை மாறியது. தலைமைச் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் கிராமங்களில் சமயப் பணிக்கு வராமல் அரச உத்தியோகத்துக்கே போகிறார்கள் என்று கண்டது. செமினரி மூடப்பட்டது. 32 ஆண்டுகள் வட்டாரத்துக்கு ஒளி கொடுத்த நிலையம், ஊராரின் கருத்துக்கு எடையின்றி, பொஸ்ரன் கொள்கையின்படி நின்றுபோனது. கொடையாளரின் நோக்கத்தைக் குறைகூற இடமில்லை. அவர்கள் சமயப் பணிக்கென்றே கொடுத்தவர்கள். ஆனால் கல்வியையே வேண்டிய ஊர், அதற்குரிய நிதியைத் தன் கையில் வைத்திருக்கவில்லை. தவறு அங்கேதான் இருந்தது.

செமினரி மூடியபின்னும் கிறீனின் மருத்துவ வகுப்பு நின்றுவிடவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. வைத்தியசாலையின் பயனை ஊரார் அன்றாடம் கண்டார்கள். படித்து வெளியேறியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளிலும் தனியார் தொழிலிலும் இடம் இருந்தது. யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் பேசிவல் அக்லன்ட் டைக்கின் முயற்சியால், ஊராரின் சந்தாவைக் கொண்ட தரும சங்கம் ஒன்று 1850-இல் வைத்தியசாலையைத் தொடக்கியது. கிறீன் அதற்குத் துணை நின்றார். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. இவ்வாறு மருத்துவக் கல்வி மிஷன், அரசு, ஊர் என்ற மூன்று ஆதரவுகளைப் பெற்றுவிட்டது. ஒன்று தளர்ந்தபோது மற்றவை தாங்கின.

கிறீன் 1857-இல் தாயகம் சென்று 1862-இல் திரும்பினார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் நகரத்தையும் உத்தியோகத்தையும் நாடி ஐரோப்பிய நடையுடைக்கு மாறுவதை அவர் கண்டிருந்தார். கிராமத்தில் தங்கி வைத்தியம் செய்வோர் தமிழில் படித்தால்தான் உருவாவார்கள் என்று முடிவு செய்தார். அதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. தம் மாணவரின் துணையோடு அவர் செய்த நூல்வரிசை தமிழுக்குக் கிடைத்த பெருங்கொடை. கற்றரின் உடற்கூறு, உடற்றொழில், சுகாதார நூல் ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ எனத் தமிழில் வந்தது. மொன்செலின் நூல் ‘பிரசவ வைத்தியம்’ ஆயிற்று. 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’ என நூல்கள் தொடர்ந்தன. கலைச்சொற் பட்டியல்களும் அச்சாகின. 1873-இல் நோயால் உவூஸ்ரர் திரும்பிய பின்னரும் அங்கிருந்தே தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றனர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே முழு மருத்துவக் கல்வியும் பெற்றவர்கள். கிறீனின் கல்லறைக் கல்லில் அவர் தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தார் என்பதே பொறிக்கப்பட்டுள்ளது.

செமினரி மூடப்பட்டது தந்த பாடத்தை வட்டுக்கோட்டை மக்கள் தம் வழியில் கற்றிருந்தார்கள். செமினரியின் பழைய மாணவரும் மிஷனரிமாரும் 1867 முதல் ஒரு கல்லூரிக்காக முயன்றனர். 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. இம்முறை நிலையான மூலதன நிதி ஒன்று உருவாக்கப்பட்டு, அமெரிக்காவில் தர்மகர்த்தா சபையின் பொறுப்பில் வைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தாரும் தம் பங்கைக் கொடுத்தனர். ஆண்டுதோறும் கையேந்துவதைவிட, முதலை வைத்து வட்டியில் நடத்துவது கல்வி நிலையத்துக்கு உறுதி தரும் என்ற எண்ணம் இதில் இருந்தது. அடுத்த தலைமுறையில் மேரி லீச், மார்கரெற் லீச் என்ற சகோதரிகள் யாழ்ப்பாண அனுபவங்களை நூலாக எழுதி வெளிநாடுகளில் நிதி சேர்த்தனர். பெண்களுக்கான மக்லியொட் வைத்தியசாலை இணுவிலில் 1898-இல் திறக்கப்பட்டமைக்கு அவர்களுடைய உழைப்பும் காரணம்.

பல்கலைக்கழகம் வட்டுக்கோட்டைக்கு வர மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது. 1974-இல் யாழ்ப்பாண வளாகம் அமைக்கப்பட்டபோது திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் மனிதப் பண்பியல் பீடமும், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவுக் கட்டடங்களில் விஞ்ஞான பீடமும் தொடங்கின. முன்னைக் கொடைகளால் எழுந்த சுவர்களுக்குள் அரச பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்வி வளர்ந்தது. மருத்துவ பீடம் 1978-இல் ஆரம்பமாயிற்று. போர்க்காலத்தில் ஆசிரியர் பற்றாக்குறையும் மருந்து, உபகரணத் தட்டுப்பாடும் இடப்பெயர்வும் அதை வருத்தின. அவற்றைத் தாண்டி அது வைத்தியர்களை உருவாக்கியது. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் நூல்கள், கருவிகள், புலமைப்பரிசில்கள், விரிவுரைகள் மூலம் துணை நிற்கின்றனர். முன்பு அந்நியர் அனுப்பிய உதவியை இன்று அதே மண்ணில் படித்தவர்கள் அனுப்புகிறார்கள். கொடுப்பவர் யாராயினும், பணம் எங்கே போயிற்று, எதைச் செய்தது, என்ன குறை இருக்கிறது என்று ஒழுங்காகத் தெரிவிக்கும் கடமை பெறும் நிலையத்துக்கு உண்டு. நல்ல செய்தியை மட்டும் அனுப்பும் அறிக்கை நாளடைவில் நம்பிக்கையை இழக்கும்.

இந்த வரலாற்றின் மூல ஆவணங்களான மிஷனரிமாரின் கடிதங்களும் கணக்குகளும் அறிக்கைகளும் இன்று அமெரிக்காவில் ஹாவட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பேணப்படுகின்றன. கிறீனின் தமிழ் நூல்கள் சில நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் தெளிவான படிகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீட நூலகத்துக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் கொண்டுவந்து சேர்க்கும் பணியைப் பழைய மாணவர்களும் புலம்பெயர்ந்த வைத்தியர்களும் பொறுப்பேற்க வேண்டும்.