கோடரி விழுந்த கதவு

நான் வரலாறு படித்தவள் அல்ல, தாதி. ஆனால் லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போகிற நாங்கள் எல்லோரும் ஒரு வரலாற்றின் மேல்தான் நடக்கிறோம்.

ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் வட்டமான கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1780களில் பாரிஸைச் சுற்றி எழுப்பிய சுங்கச் சுவரின் வாசல் அது. நகருக்குள் வரும் வைனுக்குக்கூட வரி. 1789 ஜூலை 14இல் பஸ்தீய் சிறை விழுந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய இரவுகளிலேயே மக்கள் இந்தச் சாவடிகளில் பலவற்றைக் கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். இது தப்பிவிட்டது.

வீதியில் இறங்கியவர்களால்தான் பிறந்தோம் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிற அரசுக்கு ஒரு சங்கடம் உண்டு. வீதியில் இறங்குபவரை வெறும் குற்றவாளி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. 1793 அரசியலமைப்பு, ஓராண்டு இங்கே தங்கி உழைத்து வாழும் வயதுவந்த வெளிநாட்டவருக்குக் குடிமகனின் உரிமை உண்டு என்றது. (பெண்களுக்கு அல்ல, அது வேறொரு நாள் பேச வேண்டியது.) அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை.

இருநூறு ஆண்டு கழித்து, 1993இல் வந்த பஸ்குவா சட்டங்கள் வேறொன்றைச் செய்தன. பிள்ளை இங்கே பிறந்திருக்கும். தகப்பனை நாடுகடத்தவும் முடியாது, அவருக்கு விசாவும் கிடையாது. 1996 மார்ச் 18இல் அப்படிப்பட்ட சுமார் 300 பேர், பெரும்பாலும் மாலி, செனகல் நாட்டவர், சென் அம்புறுவாஸ் தேவாலயத்துக்குள் போய் இருந்தார்கள். வெளியேற்றப்பட்டார்கள். அலைந்து திரிந்து, இன்று மாணிக்கப் பிள்ளையார் கோயில் இருக்கும் அதே றூ பஜோலில், கைவிடப்பட்ட ரயில்வே கிடங்கொன்றில் தங்கினார்கள். ஜூன் 28இல் லாச்சப்பலின் சென் பேர்னார் தேவாலயத்துக்கு வந்தார்கள். பங்குத்தந்தை அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. எங்களுக்காக வேறு யாரும் பேச வேண்டாம் என்பதில் அவர்களின் பேச்சாளர் மஜிகேன் சிசே உறுதியாக இருந்தார். 'சான் பப்பியே', பத்திரமில்லாதவர்கள், என்ற பெயரை நாடே பழகியது அப்போதுதான்.

பத்துப் பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஐம்பது நாள். நம்மவர்களுக்கு உண்ணாவிரதம் என்றதும் 1987இல் தண்ணீரும் குடியாமல் பன்னிரண்டாம் நாள் இறந்த திலீபன்தான் நினைவுக்கு வருவார். தண்ணீர் குடித்தால் உடல் வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் விற்றமின் பி1 வற்றிப்போகும், பார்வை தடுமாறும். அதன் பிறகு அன்போடு ஒரு கோப்பை சோற்றை அவசரமாகக் கொடுத்தாலே இதயம் நின்றுவிடலாம்.

ஆகஸ்ட் 23 காலை பொலிஸ் கோடரியால் தேவாலயக் கதவை உடைத்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. போராட்டம் தோற்றது என்றுதான் அன்று யாரும் சொல்லியிருப்பார்கள். ஆறு மாதத்தில் உள்துறை அமைச்சர் துப்ரே இன்னொரு மசோதா கொண்டுவந்தார்: வீட்டுக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி புறப்பட்டதும் மாநகரசபைக்கு அறிவிக்க வேண்டும். 66 திரைப்பட இயக்குநர்கள் கீழ்ப்படிய மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். 1997 பெப்ரவரி 22இல் பாரிஸில் பெரும் ஊர்வலம். அந்த விதியை அரசு கைவிட்டது.

ஜூன் 1இல் இடதுசாரிகள் தேர்தலில் வென்றார்கள். இந்தப் போராட்டம்தான் அவர்களை வெல்ல வைத்தது என்று சொல்ல மாட்டேன்; 1995 டிசம்பர் வேலைநிறுத்தங்களின் கோபம் இன்னும் பெரிது. ஆனாலும் ஜூன் 24இலேயே சுற்றறிக்கை வந்தது: விண்ணப்பியுங்கள், ஒவ்வொருவராகப் பார்க்கிறோம். பழைய சட்டங்களை நீக்குவோம் என்றவர்கள் திருத்தம் மட்டும் செய்தார்கள். சுமார் 1,40,000 பேர் விண்ணப்பித்தார்கள். சுமார் 80,000 பேருக்கு விசா கிடைத்தது.

எனக்கு உறுத்துவது மீதிப் பேர்தான். கூட்டமாக நின்று கேட்டதை, வரிசையில் தனித்தனியாக நிற்கவைத்துக் கொடுத்தது அரசு. கிடைக்காதவர்கள் தங்கள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

விசா இல்லாத ஒருவர் இன்றும் என்னிடம் வந்தால், முதலில் தன் வருத்தத்தைச் சொல்வதில்லை. "அக்கா, விலாசம் கட்டாயம் குடுக்க வேணுமோ?" என்றுதான் கேட்பார்.