கோபுரம் ஏறிய சொல்

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், குரு மறைத்துவைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் உரைத்தார் என்பது வைணவர் வழங்கும் வரலாறு. அவர் ஊரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் 2021 டிசம்பரில் நடந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோபுரந்தான் நினைவுக்கு வருகிறது.

அங்கே ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள், பூந்தமல்லி விடுதியில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நோயுற்றார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் 159 பேர். போன தோழி என்ன ஆனாள் என்று கேட்டவர்களுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. விடை இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகுந்தது: சிலர் இறந்துவிட்டார்களாம்! 17-ஆம் தேதி இரவு பெண்கள் திரண்டு வந்து சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் இறக்கவில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

நல்ல சோறும் நல்ல இருப்பிடமும் முதல் கடமை, அதில் விவாதமில்லை. ஆனால் தீயணைக்க மணல் வாளி மாட்டிவைக்கும் ஆலைகள், கெட்ட செய்தியை உடனே, உரக்க, தமிழில் சொல்ல ஓர் ஆளையும் நியமித்து வைக்கவேண்டும். ஏறி நிற்க அவருக்குக் கோபுரம் வேண்டாம். விடுதி வாசற்படி போதும்.