சைக்கிள் ஹாண்டிலில் ஏறிய செய்மதி

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது இலங்கை முழுக்கச் சைக்கிளுக்கு மறுபடி மவுசு வந்தது. பெற்றோல் திரும்பக் கிடைத்த பிறகும் சிலர் சைக்கிளை விடவில்லை. வேலைக்கும் வகுப்புக்கும் ஓடியவர்களில் சிலர் விடியவெள்ளன தூரப் பயணம் போகவும் தொடங்கினார்கள். தூரம் கூடக்கூட ஒரு கேள்வியும் கூடவே வருகிறது: ஹாண்டிலில் பூட்டுகிற ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்கிறது?

கடையில் கேட்டால் விலை சொல்லுவினம். யூடியூப்பில் இரண்டு கருவிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவினம். நாங்கள் இங்கே வேறு ஒழுங்கையால் போகிறோம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு விசயமும் எப்போதோ ஒரு காலத்தில் யாருக்கோ இருந்த சிக்கலுக்குக் கிடைத்த விடை. அந்தச் சிக்கல் எங்களுக்கும் இருக்குதா எண்டு பார்த்தால், எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது தெளிந்துவிடும்.

720 சுற்று

முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: எவ்வளவு தூரம் ஓடினேன்? 1895இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் கேர்ட்டிஸ் வீடர் என்ற பொறியியலாளர் இதற்கு ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முன்சில்லின் கம்பியில் ஒரு சின்ன ஆணி. சில்லு ஒருமுறை சுற்றும்போது அந்த ஆணி, கருவியில் இருக்கிற நட்சத்திர வடிவச் சக்கரத்தை ஒருதரம் தட்டும். உள்ளே பற்சக்கரங்கள் அந்தத் தட்டுகளை எண்ணி இலக்கமாகக் காட்டும். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 28 அங்குலச் சில்லு ஒன்று ஒரு மைல் ஓட ஏறத்தாழ 720 தரம் சுற்ற வேண்டும். எங்கட ஊர்ப் பெரிய சைக்கிள்களும் 28 அங்குலம்தான்; கிலோமீற்றருக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 448 சுற்று. சில்லின் அளவு மாறினால் எண்ணிக்கையும் மாறும் என்பதால் அந்தக் காலத்துக் கருவியைச் சில்லின் அளவு சொல்லித்தான் வாங்க வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த கட்ஐ போன்ற நிறுவனங்கள் இதே வேலையை மின்னணுவுக்கு மாற்றின. ஆணி இருந்த இடத்துக்குக் காந்தம் வந்தது. பற்சக்கரம் இருந்த இடத்துக்கு ஒரு சிறிய சில்லுக்கணினி வந்தது. தூரத்தோடு வேகமும் நேரமும் தெரிந்தன. ஆனால் கேள்வி பழையதுதான்: எவ்வளவு தூரம்? எங்கே நிற்கிறேன் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. எங்களில் பலருக்கு இதுவே போதும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு நாளும் ஒரே றோட்டால் வேலைக்குப் போய் வருகிறவருக்கு வழி தெரியும். அவருக்குச் செய்மதி தேவையில்லை.

மேட்டை எப்படி அறிவது

இரண்டாவது கேள்வி: முன்னால் என்ன இருக்கிறது? 1878இல் இங்கிலாந்தில் தொடங்கிய சைக்கிள் சுற்றுலாக் கழகம் ஆபத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது. பிரேக் சரியாக வேலை செய்யாத அந்தக் காலத்துச் சைக்கிளில் செங்குத்தான இறக்கம் உயிராபத்து. பார்த்தொலொமியூ என்ற ஸ்கொட்லாந்து வரைபட நிறுவனத்துக்குக் கழகத்தின் உறுப்பினர்கள் தாங்கள் ஓடிப் பார்த்த றோட்டுகளின் திருத்தங்களை எழுதி அனுப்பினார்கள். ஓடுகிறவனே வரைபடத்தைத் திருத்துகிற வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1890களின் பிற்பாதியில் ஹரி இங்லிஸ் ஸ்கொட்லாந்து றோட்டுகளுக்கு ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு பாதைக்கும் பக்கவாட்டில் இருந்து பார்ப்பது போல ஒரு கோடு. ஏற்றம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு செங்குத்து, எங்கே முடிகிறது என்று அந்தக் கோட்டைப் பார்த்தாலே விளங்கும். இன்றைய கருவிகள் ஏற்றம் வரும்போது நிறம் தீட்டிக் காட்டுகிற படம் இந்தக் கோட்டின் பேரப்பிள்ளைதான்.

உயரத்தை அளக்க இரண்டு வழி உண்டு. ஒன்று செய்மதி. ஆனால் அது கிடையாக நிற்கிற இடத்தைக் காட்டுகிற அளவுக்கு உயரத்தைச் சரியாகக் காட்டாது. மற்றது காற்றழுத்தமானி. கடல்மட்டத்துக்குக் கிட்ட 8 மீற்றர் அளவு ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். அதை வைத்துக் கருவி உயரத்தைக் கணிக்கும். மழை இருட்டி அழுத்தம் மாறினால் நின்ற இடத்திலேயே ஏறினதாகவும் காட்டும். கார்மின் நிறுவனம் 2005இல் எட்ஜ் 205, எட்ஜ் 305 என்ற இரண்டு சைக்கிள் கருவிகளை அறிவித்தபோது இரண்டுக்கும் இடையில் இருந்த முக்கியமான வித்தியாசங்களில் ஒன்று இந்தக் காற்றழுத்தமானி.

கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவுக்கு மிதிக்கிறவருக்கு அது உதவும். பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் வரை மிதிக்கிறவருக்கு ஏற்றத்தைவிட எதிர்காற்றுத்தான் பெரிய சிக்கல். அதை எந்த அழுத்தமானியும் குறைக்காது.

வானத்தில் இருந்த ஆயுதம்

மூன்றாவது கேள்விக்கான விடை சைக்கிள்காரரிடம் இருந்து வரவில்லை. இராணுவத்திடம் இருந்து வந்தது. 1957 ஒக்ரோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் ஒன்றில் இருந்த வில்லியம் கையர், ஜோர்ஜ் வைபன்பாக் என்ற இரண்டு பேர் அதன் வானொலிச் சத்தத்தைக் கேட்டார்கள். கிட்ட வரும்போது ஒரு மாதிரியும் விலகும்போது இன்னொரு மாதிரியும் மாறுகிற அந்த ஒலியலையை வைத்தே செய்மதியின் பாதையைக் கணித்தார்கள். அப்போது அவர்களுடைய மேலதிகாரி பிராங்க் மெக்ளூர் கேள்வியைத் தலைகீழாகப் போட்டார்: செய்மதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்றும் கண்டுபிடிக்கலாமே? அதில் இருந்து வந்த ட்ரான்சிற் என்ற அமைப்பு, அணுவாயுத ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலில் தங்கள் இடத்தை அறிவதற்காகக் கட்டப்பட்டது.

ஜிபிஎஸ் அதற்கு அடுத்த படி. முதல் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற ஒவ்வொரு செய்மதியிலும் அணுக்கடிகாரம் உண்டு. செய்மதி நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து ஹாண்டிலில் இருக்கிற கருவி தூரத்தைக் கணிக்கும். கருவியின் மலிவான கடிகாரத்தையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பதால் குறைந்தது நான்கு செய்மதிகள் தேவை. நேரம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரம் 300 மீற்றர் பிழைக்கும்.

1983 செப்ரெம்பர் 1ஆம் திகதி தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்புக்குள் போனது. அது சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ரேகனின் அரசு, ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களுக்கும் தரப்படும் என்று அறிவித்தது. ஆனால் முழுசாகக் கொடுக்கவில்லை. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். அதனால் 100 மீற்றர் வரை இடம் பிசகும். எங்கட ஊரில் 100 மீற்றர் என்றால் அடுத்த ஒழுங்கை, சில இடத்தில் அதற்கும் அடுத்த ஒழுங்கை. அந்தப் பிழையோடு சைக்கிளில் வழி காட்ட ஏலாது.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளின்ரனின் உத்தரவால் அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. பிசகு பத்து, இருபது மீற்றருக்குள் இறங்கியது. ஐந்து வருசத்தில் எட்ஜ் கருவிகள் வந்தன. அவற்றில் றோட்டு வரைபடம் இல்லை. வெறும் திரையில் போக வேண்டிய பாதை ஒரு கோடாகத் தெரியும். வரைபடத்தோடு கூடிய எட்ஜ் 705 2008இல் வந்தது. 2016இல் வாகூ நிறுவனம் எலமென்ற் கருவியோடு சந்தைக்குள் இறங்கியது. இன்றைக்கு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் ஒரே கருவி கேட்கிறது. ஒரு நாடு கதவைச் சாத்தினாலும் மற்றக் கதவுகள் திறந்திருக்கும்.

வரைபடம் யாருடையது

செய்மதி நீங்கள் நிற்கிற புள்ளியை மட்டுமே தரும். அந்தப் புள்ளிக்குக் கீழே றோட்டு இருக்கிறதா, வயல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது வரைபடம். வரைபடங்களுக்கும் ஒரு அதிகார வரலாறு உண்டு. பிரித்தானியாவின் நிலஅளவை நிறுவனம் 1791இல் இராணுவத் தேவைக்காகவே தொடங்கியது. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தை ஆங்கிலேயர் 1800இலேயே நிறுவிவிட்டார்கள். கண்டி இராச்சியம் விழுவதற்கு 15 வருசம் முன்னம்.

2004இல் ஸ்ரீவ் கோஸ்ற் என்ற இளைஞர் இங்கிலாந்தில் ஓப்பின் ஸ்ரீற் மப் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அரச வரைபடத் தரவைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால், நாங்களே கீறுவம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆரம்பத்தில் தொண்டர்கள் ஜிபிஎஸ் கருவியோடு சைக்கிளில் தெருத் தெருவாக ஓடி, பதிவான கோடுகளை வைத்து வரைபடம் செய்தார்கள். பார்த்தொலொமியூவுக்குக் கடிதம் எழுதிய அதே பழக்கம்தான்; இந்தமுறை வரைபடமும் எழுதினவர்களுக்கே சொந்தம். இன்றைக்குச் சந்தையில் இருக்கிற பல சைக்கிள் கருவிகளின் வரைபடம் இந்தப் பொதுத் தரவில் இருந்து வருவது.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? யாரும் கீறாத ஒழுங்கை கருவியில் இருக்காது. யாராவது கீறி, ஆனால் மண்பாதையா தார்றோட்டா என்று குறிக்காமல் விட்டால், மாரிகாலத்தில் அது உங்களைச் சேற்றுக்குள் கொண்டுபோய் விடும். குளக்கட்டுப் பாதை வரைபடத்தில் இல்லாவிட்டால் பஸ்ஸும் லொறியும் பறக்கிற ஏ9 வீதியைத்தான் காட்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற கருவியின் அறிவு, எங்கட ஊரைப் பற்றி எங்களில் யாரோ எழுதி வைத்த அளவுதான்.

கோடு எங்கே போகிறது

கருவி வழியைக் காட்டுவதோடு நிற்பதில்லை. நாங்கள் போன வழியை எழுதியும் வைக்கிறது. 2009இல் தொடங்கிய ஸ்ற்ராவா, உலகம் முழுக்க ஓடியவர்களின் பதிவுகளைச் சேர்த்து 2017 நவம்பரில் ஒரு ஒளிரும் வரைபடத்தை வெளியிட்டது. 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற அவுஸ்திரேலிய மாணவர் அதில் ஒன்றைக் கவனித்தார். இருட்டான பாலைவனங்களின் நடுவில் சில இடங்கள் ஒளிர்ந்தன. அவை இராணுவ முகாம்களுக்குள் சிப்பாய்கள் ஓடிய தடங்கள். உலகத்தின் பெரிய இராணுவங்களே தங்கட தடத்தை மறைக்க மறந்தால், எங்களைப் பற்றி என்ன சொல்வது? வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிகிற கோடு, எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறோம், எந்த ஆளில்லாத றோட்டால் தனியப் போகிறோம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். தனியாக ஓடுகிற பெண்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

2020 யூலையில் இன்னொரு பாடம் கிடைத்தது. கப்பம் கேட்கிற இணையத் தாக்குதலால் கார்மினின் சேவைகள் சில நாட்கள் முடங்கின. கருவிகள் ஓடின, ஆனால் பதிவுகள் வழமைபோல ஏறவில்லை. கம்பியைக் கணினியில் செருகிக் கோப்பை நேரடியாக எடுக்கத் தெரிந்தவர்கள் பெரிதாகக் கஷ்டப்படவில்லை.

அப்ப எதை வாங்கிறது?

முதலில், கையில் இருக்கிற போன் போதுமா எண்டு பாருங்கள். ஊருக்குள் ஓட அது போதும். நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் போகும்போதுதான் சிக்கல்: திரையைத் திறந்தே வைத்தால் பற்றரி இறங்கும், மத்தியான வெயிலில் திரை தெரியாது, அவசரத்துக்கு அழைக்கவும் அதே போன்தான் வேண்டும். தனிக் கருவி இன்னும் சாகாமல் இருப்பதற்குக் காரணம் இந்த மூன்றும்தான்.

வாங்குவதென்றால் முதலில் பற்றரி, பிறகு வெயிலில் தெரிகிற திரை, பிறகு வரைபடம். வியர்வையிலும் மழையிலும் தொடுதிரை அடம் பிடிக்கும்; பொத்தான்கள் இருந்தால் நல்லம். போகிற பாதையை முன்கூட்டியே கீறி ஏற்றுகிறவருக்குக் கோடு மட்டும் காட்டுகிற மலிவான கருவி போதும். நினைத்த பக்கம் திரும்புகிறவருக்கு, இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்கிற வரைபடம் உள்ளுக்கே இருக்க வேண்டும். மலைநாட்டுக்குப் போகாவிட்டால் காற்றழுத்தமானிக்காக மேலதிகமாகக் கொடுக்காதீர்கள். 2002இல் இருந்து புழக்கத்தில் இருக்கிற ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றவும் எடுக்கவும் முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். முடியாவிட்டால் உங்கள் பயணம் உங்களுடையது இல்லை. வாங்கின முதல் நாளே வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கிற வசதியைப் போட்டுவிடுங்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக்குள் பற்றரி கிடைக்காத வடக்கில், சைக்கிள் சில்லைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோவை உயிர்ப்பித்து எங்கட பெற்றோர் செய்தி கேட்டார்கள். வெளியில் என்ன நடக்கிறது என்பதை அந்தச் சில்லு உள்ளே கொண்டுவந்தது. இன்றைக்கு அதே சில்லால் இங்கே என்ன இருக்கிறது என்பதை வெளியே எழுதலாம். கருவி வாங்கினவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது தங்கட ஊரின் பெயரில்லாத ஒழுங்கைகளை ஓடிப் பதிந்து, பெரியாக்களிடம் கேட்டு அந்த ஒழுங்கைகளின் பெயரைப் பொது வரைபடத்தில் தமிழில் ஏற்றுங்கள். கருவி இல்லாதவர்கள் போனிலேயே தொடங்கலாம்.